கலமும் படைக்கலமும்

கலம் என்பது தமிழில் ஒரு பொதுச்சொல். உண்பதற்குரியது உண்கலம், அணிவதற்குரியது அணிகலம், கடலிற் செல்வது மரக்கலம், போருக்குரியது படைக்கலம். பொருளின் வடிவத்தைக் கொண்டன்று, அது கொள்ளப்படும் பயனைக் கொண்டே பண்டைத் தமிழன் அதற்குப் பெயரிட்டான். இந்த நுட்பத்தை மறந்தமையால் இன்று விளைந்துள்ள குழப்பங்கள் பல. மடியில் ஒரு சிறு கத்தி வைத்திருப்பவனைக் கண்டவுடன் மக்கள் கொள்ளும் அச்சமும், காவலர் கொள்ளும் ஐயமும், அதுபற்றிய சட்டம் யாது என்பதில் இருசாராரும் கொண்டுள்ள அறியாமையும் அவற்றுள் தலையாயவை.

ஊர்ப்புறத்துச் சாலையில் இரவு ஒன்பது மணியளவில் தென்னை ஏறும் தொழிலாளி ஒருவன் மிதிவண்டியில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்ளட்டும். வண்டியின் பின்னே சாக்கில் சுற்றிய அரிவாள். மடியில் மட்டை சீவும் சிறுகத்தி. காவலர் அவனை நிறுத்துகின்றனர். "இஃது எதற்கு?" என்னும் வினாவிற்குரிய விடை அவன் உள்ளங்கைக் காய்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனினும் அந்த எழுத்தைப் படிப்பார் அரியர். அதே இரவில், அதே சாலையில், மகிழுந்தில் செல்லும் ஒருவரின் திறவுகோற்கொத்தில் சுவிசு நாட்டுச் சிவப்புப்பிடி மடக்குக்கத்தி ஒன்று தொங்குகிறது. அதனை எவரும் கத்தி என்றே கருதுவதில்லை. அது வெளிநாட்டிலிருந்து வந்த அன்பளிப்பு. பலபயன் தரும் அழகிய கருவி. பார்ப்போர் வாங்கிப் பார்த்து வியக்கும் பொருள்.

இரண்டும் எஃகே. இரண்டின் அலகும் அறுப்பனவே. ஒன்றைக் கண்டு வியப்பும் மற்றொன்றைக் கண்டு நடுக்கமும் பிறப்பானேன்? கண் காண்பது கத்தியையன்று. அதனைப் பிடித்த கையை. அக்கையின் நிறத்தை, அவன் கட்டிய வேட்டியின் அழுக்கை, அவன் பேசும் பேச்சின் வழக்கை. கத்தியைப் பற்றிய அச்சம் என்று சொல்லப்படுவதிற் பெரும்பகுதி உழைப்பவனைப் பற்றிய அச்சமேயாகும் என்பதை மறுப்பார் யார்?

தமிழர் வாழ்வில் கத்தியில்லாத தொழிலும் இல்லை; கத்தியில்லாத இல்லமும் இல்லை. கதிர் அறுக்கக் கருக்கரிவாள். காய் நறுக்க அரிவாள்மணை. முள் கழிக்க வெட்டரிவாள். பாக்கு நறுக்கப் பாக்குவெட்டி. முகம் மழிக்க மழிகத்தி. பனையேறிக்குப் பாளை சீவும் அரிவாள். அப்பனையேறி தன் அரிவாளைக் கையிற் பிடித்துக்கொண்டு மரம் ஏறுவதில்லை; இடுப்பிற் கட்டிய பெட்டிக்குள் இட்டுக்கொண்டே ஏறுகிறான். இவற்றின் பெயர்களையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்குக. ஒவ்வொன்றும் தான் செய்யும் வேலையையோ தன் உறுப்பையோ தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. கத்தி என்னும் சொல்லே கத்தரித்தல், கத்தரிக்கோல் ஆகியவற்றோடு ஓரினமானது; வெட்டுதல் என்னும் வினையைக் காட்டுவதன்றிக் கொல்லுதல் என்னும் கொடுமையைக் காட்டுவதன்று.

மடக்குக்கத்தியின் வரலாறு இன்னும் இனியது. ஓலையில் எழுதிய காலத்துப் புலவனும் கணக்கனும் தம்மோடு எந்நேரமும் வைத்திருந்தது எழுத்தாணி. அதில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பலவகை உண்டு. ஓலையை வாரி ஒழுங்குசெய்வதற்கு அலகு வேண்டும். எழுதுவதற்குக் கூர்முனை வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே அமைத்து, பிடிக்குள் மடக்கி, மடியிற் செருகிக்கொள்ளத்தக்கதாகச் செய்த கருவியே மடக்கெழுத்தாணி. தமிழன் மடியில் வைத்திருந்த முதல் மடக்குக்கத்தி ஏடு திருத்தவே பிறந்தது என்றால் மிகையாகாது.

மேலைநாட்டிலும் இதற்கு ஒத்த நிலையே இருந்தது. அவர்கள் பறவையின் இறகை முனைசீவி மையில் தோய்த்து எழுதினர். அவ்விறகு தேயுந்தோறும் சீவுவதற்குச் சட்டைப்பையில் ஒரு சிறுகத்தி வைத்திருந்தனர். எழுதுகோற்கத்தி என்னும் பொருளில் அவர்கள் அதற்கிட்ட பெயரையே இன்றும் பேனாக்கத்தி என்று வழங்குகின்றனர். பேனா என்பதன் மூலப்பொருள் இறகு. தூவல் என்னும் தமிழ்ச்சொல்லின் பொருளும் இறகே. எனவே தூவற்கத்தி என்பது அதற்கு முற்றும் பொருந்திய தமிழ்ப்பெயராகும். கிழக்கிலும் மேற்கிலும் மடிக்கத்தி என்பது கற்றவனின் அடையாளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அதே கத்தி கள்வனின் அடையாளமாகக் கருதப்படுகிறது. கத்தி மாறவில்லை, காண்பவர் கருத்து மாறிற்று.

இக்கருத்து மாற்றம் தானே நிகழ்ந்ததன்று. இதற்குப் பின்னே ஆட்சியின் கை உண்டு. 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது உடன்பிறப்பாளர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்து வந்த திசம்பர்த் திங்களில் சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவு ஓர் ஆணையறிக்கை விடுத்தார். தென்பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படவும், மக்கள் தம் படைக்கலங்களைத் துறக்கவும் அவ்வறிக்கை வழிவகுத்தது. பின்னர் 1878-ஆம் ஆண்டில், இலிட்டன் ஆளுகையின்போது, நாடு முழுமைக்குமான படைக்கலச் சட்டம் வந்தது. இந்நாட்டார் படைக்கலம் வைத்திருக்க உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியர்க்கோ விலக்கு. ஒரே பொருள் வெள்ளையன் கையில் இருந்தால் அவன் காப்பிற்கு. கருப்பன் கையில் இருந்தால் கலகத்திற்கு! ஆளைப் பார்த்துக் கருவியை மதிக்கும் பழக்கம் இந்நாட்டுக் காவல்முறைக்கு அன்றே புகட்டப்பட்டது. ஆண்டவர் சென்றனர், அவர் பார்வை செல்லவில்லை.

இனி, இன்று நடைமுறையிலுள்ள சட்டம் யாது கூறுகிறது என்பதைக் காண்போர்க்கு வியப்பே மிஞ்சும். 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் வந்தது. படைக்கலம் என்பதற்கு அது கூறும் இலக்கணம் ஈண்டு நினையத்தக்கது. தாக்குதற்கோ தற்காத்தற்கோ உரிய படைக்கலமாக வடிவமைக்கப்பட்டதும், அவ்வாறு மாற்றியமைக்கப்பட்டதுமே படைக்கலம் என்கிறது அச்சட்டம். வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ மட்டும் உரியதாகச் செய்யப்பட்டவை படைக்கலம் ஆகா என்றும் அதுவே விலக்குகிறது. தடியையும் ஊன்றுகோலையும் அதற்கு எடுத்துக்காட்டாகவும் குறிக்கிறது. கலம் வேறு, படைக்கலம் வேறு என்று தமிழ்ச்சொல் உணர்த்திய அதே நுட்பம் இதுவன்றோ?

அச்சட்டத்தின் கீழ் 1962-இல் வகுக்கப்பட்ட விதிகளும், அவற்றின் இடத்தில் 2016-இல் வந்த விதிகளும் ஓர் அளவைக் கூறுகின்றன. வாள், ஈட்டி, குத்துவாள் முதலியவற்றோடு, 9 விரற்கடைக்கு (அங்குலத்திற்கு) மேல் நீண்ட அல்லது 2 விரற்கடைக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளும் படைக்கலப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. அங்கும் ஒரு விலக்கு உண்டு: வீட்டிற்கும் உழவிற்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்டவை அப்பட்டியலில் அடங்கா. இதற்கும் மேலாக, துமுக்கியல்லாத பிற படைக்கலங்களை வைத்திருத்தற்கு உரிமம் வேண்டும் என்னும் கட்டுப்பாடு எல்லா இடத்திற்கும் தானே பொருந்துவதன்று. நடுவணரசு ஒரு பகுதியைக் குறித்துத் தனி அறிவிக்கை விடுத்தால் அப்பகுதியில் மட்டுமே அது செல்லும். தில்லியில் அவ்வாறு 1980-இல் ஓர் அறிவிக்கை வந்தது. பொத்தானை அழுத்தினாலோ வேறு பொறியாலோ விரியும் கத்திகளுள், 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டியவற்றை அது கட்டுப்படுத்தியது. இத்தனை நுணுக்கமாக அளந்து சொல்லப்பட்ட சட்டத்தை, ஒரு சாலைமுனையில் நின்று கண்ணளவையால் தீர்த்துவிடுவது எவ்வாறு முறையாகும்?

எனவே, பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் எழுதுகோல் சீவவும் ஒருவன் தன் பையில் ஒரு சிறு மடக்குக்கத்தி வைத்திருத்தல், அதனளவில் குற்றமன்று. இதனைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அவ்வாறே, அதற்குரிய எல்லைகளையும் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். பொது அமைதி கருதித் தடையாணை பிறப்பிக்கப்பட்டுள்ள இடத்தில், அவ்வாணை விலக்கிய கருவியை எடுத்துச்செல்லுதல் கூடாது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் வானூர்திகள் கடத்தப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின் உலகெங்கும் நெறிகள் இறுகின. வானூர்தியில் கைப்பையிற் கத்தி வைத்தல் ஆகாது. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில்தான் அதனை இடவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அச்சுறுத்துவதற்காக அலகை விரித்த நொடியிலேயே கலம் படைக்கலம் ஆகிவிடுகிறது. அதன்பின் அது மூன்று விரற்கடையா ஒன்பது விரற்கடையா என்னும் கணக்கு எவரையும் காவாது. அறுக்கும் கருவியால் ஊறு விளைத்தலைத் தனிக்குற்றமாக 1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டமும் வைத்தது. 2024 சூலை முதல் நாள் அதன் இடத்திற்கு வந்த சட்டமும் வைத்துள்ளது.

பிற மக்கள் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதும் கருதத்தக்கது. சீக்கியர் தம் சமயக்கடனாக அணியும் கிருபாண் என்னும் குறுவாளை அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே ஏற்றுக் காக்கிறது. உள்நாட்டு வானூர்தியிலும், அலகு 6 விரற்கடையும் முழுநீளம் 9 விரற்கடையும் மிகாத கிருபாணைச் சீக்கியர் அணிந்து செல்லலாம். தமிழுக்கு உடன்பிறப்பான குடகுமொழி பேசும் குடவர், விழா நாளில் இடையிற் செருகும் குறுவாளைப் பீச்சேக்கத்தி என்கின்றனர். கத்தி என்னும் சொல் அங்கும் அழியாமல் நிற்பதைக் காண்க. அவர்க்குப் படைக்கலச் சட்டத்தினின்று ஆங்கிலேயர் காலம் முதலே விலக்கு உண்டு. 2019-இல் அது மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 3 விரற்கடைக்கு மிகாத அலகுடைய சிறு மடக்குக்கத்தியை எவரும் எடுத்துச்செல்ல விடுகிறது. அதனின் மிக்கதை வைத்திருப்பவன் தக்க ஏது காட்டவேண்டும். தொழிலும் சமயமும் நாட்டுடையும் ஏற்கத்தக்க ஏதுக்களாக அச்சட்டத்திலேயே சொல்லப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டுப் பனையேறிக்கும் தென்னைத் தொழிலாளிக்கும் இத்தகைய தனிச்சலுகை எதுவும் வேண்டுவதில்லை. அவன் கருவியைச் சட்டம் முன்னரே விலக்கி வைத்திருக்கிறது. அதனைக் காவலரும் அண்டை அயலாரும் அறிந்தாற் போதும். இல்லாத உரிமையை அவன் கேட்கவில்லை. இருக்கும் உரிமையை மறைக்காதிருக்க வேண்டுகிறான்.

இங்கு ஒரு தடை எழும். "நாள்தோறும் வெட்டும் குத்தும் நிகழும் நாட்டில் கத்திக்கு வழக்குரைப்பதா?" என்பர். இத்தடையை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 2019 சூலைத் திங்களில் சென்னையில், பேருந்தில் வந்த மாணவரை மாணவரே அரிவாளால் வெட்டினர். 2023 ஆகத்துத் திங்களில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பிறந்த பள்ளி மாணவன் ஒருவனை உடன்பயிலும் மாணவர் அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். ஏடு திருத்தப் பிறந்த கருவி ஏடு சுமக்கும் பிள்ளைகளின் கையிலேயே இவ்வாறு இழிந்ததை எண்ணித் தலைகுனியாத தமிழன் தமிழன் ஆகான்.

ஆயினும் அங்கே நோய் எது, நோயின் குறி எது என்பதைப் பகுத்துணர வேண்டும். நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற உயர்முறைமன்ற நடுவர் கே. சந்துரு தலைமையிலான குழு, 2024 சூன் திங்களில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப்பெயர்களை நீக்குக என்றது. மாணவர் சாதி காட்டும் வண்ணக்கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் அணிதலைத் தடுக்க என்றது. இதன் பொருள் யாது? அரிவாள் கைக்கு வருமுன் கயிறு கைக்கு வந்துவிட்டது என்பதே. கயிற்றைக் கட்டிய கைதான் அரிவாளைத் தேடிற்று. கயிற்றை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் பறித்தால் அக்கை கல்லைத் தேடும். கல்லையும் பறித்தால் சொல்லைத் தேடும். சாதி என்னும் துருவேறிய அலகு உள்ளத்தில் இருக்கும்வரை, எஃகின் அலகை அளந்து பயனில்லை.

திரைப்படம் செய்யும் கேடும் சிறிதன்று. அரிவாள் ஓங்கிய நடிகனின் உருவத்தை முச்சந்தியில் நிறுத்திப் பாலூற்றும் குமுகாயம், அரிவாளோடு வயலுக்குச் செல்பவனைக் கண்டு முகஞ்சுளிக்கிறது. பொய்யான கத்தி போற்றப்படுகிறது. மெய்யான கத்தி தூற்றப்படுகிறது. தென்மாவட்டத்தாரையே 'அரிவாள் பண்பாட்டினர்' என்று ஏளனஞ் செய்வதும் இத்திரையின் கொடையே. அம்மாவட்டங்களின் அரிவாள்களில் பெரும்பாலானவை கதிரையும் வாழையையும் கருவேல முள்ளையுமே கண்டிருக்கின்றன என்பதை அவ்வேளனக்காரர் அறியார்.

2021 செப்டம்பரில் தொடர்கொலைகள் சில நிகழ்ந்தபோது, தமிழகக் காவல்துறை கத்தி அரிவாள் விற்போரை அழைத்து, வாங்குவோரின் பெயர், முகவரி, வாங்கும் நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யப் பணித்தது. நோக்கத்தைக் கேட்டல் தவறன்று. உண்மையில் கேட்கத்தக்க வினா அஃது ஒன்றே. ஆனால் அது யாரிடம் கேட்கப்படுகிறது? திருப்பாச்சேத்தியிலும் பிற ஊர்களிலும் உலைக்களத்தின் முன் வெந்து, வழிவழியாக அரிவாள் வடித்துவரும் கொல்லனிடம் பதிவேடு கேட்கப்படுகிறது. பெருநகரின் பளபளக்கும் கடையிலும், வீடுதேடி வரும் இணைய வணிகத்திலும் விற்கும் கத்திக்கு அதே வினா அதே கடுமையுடன் கேட்கப்படுமாயின் அது முறை. இன்றேல், அது கொல்லனின் அடுப்பை அவிக்கும் ஏற்பாடாக மட்டுமே முடியும்.

இவ்வளவு குழப்பத்திற்கும் அடியில் கிடப்பது மொழியறியாமை. இன்னும் செவ்வனே சொன்னால், மொழி மறுப்பு. 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அரிவாளோடு பிடிபட்ட தொழிலாளி தான் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தளைப்படுத்தப்பட்டான் என்பதைத் தன் தாய்மொழியில் தெளிவுற அறியும் நிலை இன்றும் அரிது. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் அது நிறைவேறவில்லை. 2024-இல் வந்த புதுச் சட்டங்களோ, தம் பெயரையே தமிழன் நாவில் நுழையாத வடமொழியில் தாங்கி வந்தன. பெயரையே சொல்ல இயலாதவன் அதன் பிரிவை எவ்வாறு எடுத்துக்காட்டித் தன்னைக் காத்துக்கொள்வான்? ஒன்பது விரற்கடை என்னும் ஓர் அளவை, உழவுக்கருவி படைக்கலம் ஆகாது என்னும் ஒரு தொடரை, தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒட்டிவைக்க அரசுக்கு எவ்வளவு செலவாகும்?

அரசு செய்ய வேண்டியது அது. காவலர் செய்ய வேண்டியது, கருவியைக் கண்டவுடன் கையைப் பற்றாமல் அதன் நோக்கத்தையும் அவனது தொழிலையும் முதலில் வினவுதல். ஆசிரியர் செய்ய வேண்டியது, கத்தி என்றால் அலறாமல் அதனைக் கையாளும் முறையைக் கற்பித்தல். அதனினும் முன்னர், மாணவன் கையிலுள்ள கயிற்றை அவிழ்த்தல். பெற்றோர் செய்ய வேண்டியது, அரிவாள் ஓங்கும் நடிகனைக் காட்டிலும் அரிவாளால் உழைக்கும் தந்தை உயர்ந்தவன் என்று பிள்ளைக்கு உணர்த்துதல்.

தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்வழக்கம் உண்டு. கத்தியை ஒருவரிடம் தருங்கால் அலகை நீட்டித் தருவதில்லை. பிடியை அவர் பக்கம் திருப்பித் தருவர், அன்றிக் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் செய்வர். படியாத பாட்டியும் பேரனுக்குக் கற்பித்த பாடம் இது. கூர்மையைத் தன்பால் வைத்துக்கொண்டு பயனைப் பிறர்க்கு நீட்டும் இப்பண்பே கருவியைக் கருவியாக வைத்திருக்கும் காப்பு. சட்டமும் குமுகாயமும் உழைப்பவனிடம் இன்று அலகையே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை பிடியை நீட்டக் கற்கும் நாளில், மடியிலுள்ள கத்தியைக் கண்டு அஞ்சுவாரும் இரார். அதனை ஒளித்து வைப்பாரும் இரார்.